மறுபடியும் கைநாட்டு

2017 நவம்பர் 5ஆம் தேதி, தோஹாவிலிருந்து பாலித் தீவுக்குப் போய்க்கொண்டிருந்த கத்தார் ஏர்வேஸ் விமானம் ஒன்று பாதி வழியில் சென்னையில் இறங்கியது. எஞ்சினில் கோளாறு இல்லை, வானிலையிலும் பிரச்சினை இல்லை. உள்ளே ஓர் இரானியக் குடும்பம்: கணவன், மனைவி, குழந்தை. கணவர் தூங்கிவிட்டார். மனைவி அவர் விரலை எடுத்து அவருடைய போனின் மேல் வைத்தார். போன் திறந்துகொண்டது. அவருக்கு இன்னொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது அதற்குள் தெரிந்தது. அப்புறம் நடந்த ரகளையை விமானப் பணியாளர்களால் அடக்க முடியவில்லை. மூன்று பேரையும் சென்னையில் இறக்கிவிட்டு விமானம் தன் வழியைப் பார்த்துப் போனது. சினிமாக்காரர்கள் எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம். ஆனால் எல்லா நாளிதழ்களிலும் வந்த செய்தி.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் முகம் பார்த்துத் திறக்கும் முதல் ஐபோனான ஐபோன் எக்ஸ் விற்பனைக்கு வந்திருந்தது. அது முகத்தை மட்டும் பார்க்காது; கண் திறந்திருக்கிறதா, பார்வை திரைமேல் இருக்கிறதா என்பதையும் பார்க்கும். தூங்குகிறவர் முன்னால் நீட்டினால் திறக்காது. சரியான நேரத்தில் போனை மாற்றாத ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பம் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டியதாயிற்று என்று நாங்கள் அன்று சிரித்துக்கொண்டோம்.

விரலா முகமா, எது பாதுகாப்பு? இதற்குக் கடைக்காரப் பதில் ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, யாரோ ஒரு வழிப்போக்கர் விரல் வைத்து உங்கள் போன் தவறித் திறந்துகொள்ள 50,000இல் ஒரு வாய்ப்பு. முகம் காட்டித் திறந்துகொள்ள 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. நான்கு இலக்க எண்ணை ஒரே தடவையில் ஊகித்துவிட 10,000இல் ஒரு வாய்ப்பு. இரட்டையர்களுக்கும் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் முகக் கணக்கு அப்படியே பொருந்தாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மொத்தத்தில் முகம் ஜெயிக்கிறது. கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை ஆலங்குளம் பக்கத்து ஊர். நாற்பது வருஷமாகப் பீடி சுற்றியவர். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்பது சாதாரணம். போன பொங்கலுக்கு நான் அவருக்கு ஒரு போன் வாங்கிக்கொண்டு போனேன். ‘விரலை வையுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள்’ என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் எதையும் ஏற்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னது. சேலை முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். அப்பவும் இல்லை.

“அது எங்க எடுக்கப் போவுது. எந்த மிசினுல வச்சாலும் இதே கததான். வெரலு எல்லாம் பீடியோட போயிட்டுலா” என்றார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்: கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ‘அவன் ஒரு கைநாட்டு’ என்றால் வசவு. அத்தையும் 1990களின் தொடக்கம் வரை கைநாட்டுதான். அறிவொளி இயக்கம் நெல்லை மாவட்டத்துக்கு வந்தபோது ராத்திரி வகுப்புக்குப் போய்த் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் எந்தத் தாளில் மையட்டையை நீட்டினாலும் “பேனா குடுங்க” என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு இப்போது பெரிய மதிப்பில்லை. உலகம் திரும்பவும் விரலைக் கேட்கிறது. அவரிடம் கொடுக்க விரல் இல்லை.

விரலைக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். போன் கம்பெனிகளில் போய் நிற்கும் என்று நினைத்தேன். போய் நின்றது வங்காளத்தில்.

*

1858 ஜூலை. சிப்பாய்க் கலகம் அடக்கப்பட்டு, கம்பெனி ஆட்சி முடிந்து, ராணி ஆட்சி வரவிருந்த நேரம். ஜங்கிப்பூர் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இருபத்தைந்து வயது அதிகாரி சாலை வேலைக்குச் சரளை வாங்க ஓர் ஒப்பந்தம் போடுகிறார். (யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த ஹெர்ஷலின் பேரன் இவர். தாத்தா வானத்தைப் பார்த்தார், பேரன் விரலைப் பார்த்தார்.) ஒப்பந்தக்காரர் பெயர் ராஜ்யதர் கோனாய். கோனாய் எழுத்தறிவில்லாதவர் அல்ல. ஒப்பந்தத்தைத் தன் கையாலேயே வங்காளியில் எழுதியிருந்தார். கையெழுத்துப் போடப் போகும்போது ஹெர்ஷல் தடுத்து, அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை அவர் உள்ளங்கையில் தடவி, தாளின் பின்பக்கம் அழுத்தி எடுத்துக்கொண்டார்.

எதற்காக? ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று கோனாய் பிற்பாடு சொல்லிவிடாமல் பயமுறுத்துவதற்காக. ஹெர்ஷலே இதைப் பின்னாளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். ரேகை ஆளுக்கு ஆள் வேறு என்ற விஞ்ஞானமெல்லாம் அப்போது அவர் மனசில் இல்லை. இந்த ஆள் பொய் சொல்வான் என்ற முன்முடிவு இருந்தது. விரல் பதிவின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.

அப்புறம் அவர் நண்பர்களின் விரல்களைச் சேகரித்தார், தன் விரலையே வருஷக்கணக்கில் எடுத்து ஒப்பிட்டார், ரேகை மாறுவதில்லை என்று கண்டார். 1877இல் ஹூக்ளி மாவட்ட நீதிபதியாக இருந்தபோது மூன்று இடங்களில் அதை நடைமுறைப்படுத்தினார்: ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், பத்திரம் பதிகிறவர்கள், சிறைக் கைதிகள். இன்றைக்கும் நிலம் வாங்கப் பத்திர ஆபீஸுக்குப் போனால், பிஎச்டி முடித்தவராக இருந்தாலும் இடது கட்டைவிரலை நீட்டித்தான் ஆக வேண்டும். அது ஹூக்ளியின் தொடர்ச்சி.

ஆனால் பதிவு எடுப்பது சுலபம், தேடுவதுதான் கஷ்டம். லட்சம் தாளில் ஒருவர் தாளை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விடை சொன்னவர் என்று உலகம் எட்வர்ட் ஹென்றியின் பெயரைச் சொல்கிறது. வங்காளப் போலீஸ் தலைவர். ஹென்றி முறை என்றே பெயர். கணக்கைப் போட்டவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு சப் இன்ஸ்பெக்டர்கள்: அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ். பத்து விரலிலும் சுழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. ஒவ்வொரு விரலுக்கும் இரண்டே விடை. இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் 1024. ஆக 1024 அறைகள் கொண்ட ஓர் அலமாரி போதும். ‘இருக்கு, இல்லை’ என்ற இரட்டை விடையில் ஒரு மனிதனை எழுதி வைப்பது. கணினி வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால் கல்கத்தாவில் மர அலமாரியில் அது நடந்துவிட்டது. 1897இல் அங்கே கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் அதே முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. ஹக், போஸ் இரண்டு பேருக்கும் பட்டமும் பணமும் வந்தன, ஆனால் ரொம்பக் காலம் கழித்து.

ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டிக்குள் இருந்த வங்காளிப் பஞ்சாங்கத்தில் பழுப்பாக ஒரு விரல் கறை. பழைய வேலைக்காரர் ஒருவரின் வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. அவர் முன்பே திருட்டுக் கேசில் மாட்டி, விரல் கல்கத்தா அலமாரியில் இருந்தது. நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்கு விடுவித்தது. விரல் அங்கே இருந்தது என்பதை நம்பலாம், அந்த விரல் என்ன செய்தது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது என்ற நிதானம் அந்த நீதிபதிகளுக்கு இருந்திருக்கிறது. போனில் விரல் வைத்தவர் சம்மதித்து வைத்தாரா, தூங்கிக்கொண்டிருந்தாரா என்பது போனுக்கும் தெரியாது.

*

கல்கத்தா அலமாரி எங்கெல்லாம் போனது என்பதில் நமக்கு நேரடியான பங்கு உண்டு.

1900இல் ஹென்றியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே போலீஸை ஒழுங்குபடுத்த. ஆறு வருஷத்தில், 1906இல், டிரான்ஸ்வால் அரசு அங்கிருந்த ஆசியர்கள் எல்லாரும் பத்து விரலையும் பதித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, கேட்கும் இடத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பர் 11ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள் அதற்குப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பிறகு சத்தியாகிரகம் என்று பெயர் வாங்கியது அங்கே தொடங்கியதுதான். ஹென்றியின் புத்தகத்தைப் படித்ததாகவும், சட்டப்படி பத்து விரலும் கேட்கப்படுவது குற்றவாளிகளிடம் மட்டுமே என்று அதிலிருந்து தெரிந்துகொண்டதாகவும் காந்தி எழுதியிருக்கிறார்.

பள்ளிப் புத்தகத்தில் இதுவரைக்கும் வரும். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸோடு ஒரு சமாதானம்: இந்தியர்கள் தாங்களாகவே முன்வந்து பதிந்துகொண்டால் சட்டத்தை விலக்கிக்கொள்வது. காந்தி ஒத்துக்கொண்டார். பிப்ரவரி 10ஆம் தேதி விரல் பதிக்க அலுவலகத்துக்கு நடந்தார். வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியர், அவருடைய பழைய கட்சிக்காரர், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பத்து விரலும் பதிக்கப் போகிறேன் என்றார் காந்தி. மண்டையில் தடி விழுந்தது. கூடப் போன தம்பி நாயுடு, ஜோகன்னஸ்பர்க் தமிழர்களுக்குத் தலைவராக இருந்தவர், தடுக்கப் பார்த்து அவரும் அடி வாங்கினார். அடிபட்ட காந்தி படுக்கையில் கிடந்தபடியே அதிகாரியை வரவழைத்து விரலைப் பதித்தார்.

மீர் ஆலம் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. நேற்று வரைக்கும் அவமானம் என்று சொன்னதை இன்றைக்கு நீங்களே எப்படிச் செய்யலாம் என்பது நியாயமான கேள்வி. காந்தியின் பதில்: கட்டாயத்தில் கொடுப்பதும் விரும்பிக் கொடுப்பதும் ஒன்றல்ல. மை ஒன்றுதான், விரல் ஒன்றுதான். ஆனாலும் வேறு. ஸ்மட்ஸ் சட்டத்தை விலக்கவில்லை என்றானதும் ஆகஸ்ட் 16ஆம் தேதி ஹமீதியா மசூதி முன்னால் அண்டாவில் போட்டு 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை எரித்தார்கள். மீர் ஆலமும் வந்து காந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தாளைத்தான் எரிக்க முடிந்தது. அரசாங்கத்தின் ஏட்டில் பதிந்த விரல்கள் அங்கேயே இருந்தன. விரும்பிக் கொடுத்தாலும் திருப்பி வாங்க முடியாத பொருள் அது.

நம் ஊரில் இந்தக் கதைக்கு இன்னும் கொடூரமான ஒரு பக்கம் இருக்கிறது. 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி. பெயரைப் பதிய வேண்டும், விரல் வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அரசிதழில் இதற்கு நீளமான பெயர். மதுரைப் பக்கத்து மக்கள் வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. அத்தனை கொடுமைகளில் எதைச் சொல்லி அந்தச் சட்டத்தை அழைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்களின் விரல்களைப் பதிக்கப் போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் 16 பேர். அதில் மாயக்காள் என்ற ஒரு பெண். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் விரலை வைக்க மாட்டேன் என்று சொல்லி நம்மூரில் 16 பேர் செத்திருக்கிறார்கள். நாம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, ரீல்ஸ் பார்க்க வைக்கிறோம்.

இப்படி எழுதும்போது எனக்கே கொஞ்சம் நாடகமாகத்தான் தெரிகிறது. அன்றைய போலீஸ் ஏடும் இன்றைய போனும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் முகம்.

*

முகத்தின் கதை பாரிஸில் தொடங்குகிறது. 1879இல் போலீஸ் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன், கைதிகளை அளந்து எழுதும் முறையை உருவாக்கினார். தலையின் நீளம், அகலம், வலது காது, இடது பாதம், நடுவிரல் என்று பதினொரு அளவுகள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று கைதியை இரண்டு போட்டோ எடுக்கும் வழக்கமும் அவர் ஒழுங்குபடுத்தியதுதான். வங்காளத்திலும் முதலில் இந்த முறைதான் இருந்தது. ஆனால் அளக்கும் கருவி விலை அதிகம், அளக்கிறவர் மாறினால் அளவும் மாறும். விரலுக்கு மையும் தாளும் போதும். விரல் ஜெயித்தது.

1911இல் மோனாலிசா ஓவியம் திருடு போனபோது கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் பதிவு கிடைத்தது. திருடிய வின்சென்ஸோ பெருஜா முன்பே கைதானவர், அவர் விரல் பாரிஸ் போலீஸிடமே இருந்தது. ஆனால் பெர்த்தியோனின் ஏடுகள் உடல் அளவை வைத்து அடுக்கப்பட்டிருந்தன, விரலை வைத்துத் தேட வழியில்லை. பெருஜா பிடிபட்டது இரண்டு வருஷம் கழித்து, ஃப்ளோரன்ஸில், ஓவியத்தை விற்கப் போனபோது. அஸிஸுல் ஹக்கின் 1024 அறைகளுடைய அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது.

தோற்ற முகம் அரை நூற்றாண்டு கழித்துக் கணினி வழியாகத் திரும்பி வந்தது. 1960களில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் உட்ரோ பிளெட்ஸோ என்ற கணிதக்காரர், போட்டோவில் கண் ஓரம், வாய் ஓரம், முடி தொடங்கும் இடம் ஆகியவற்றை ஓர் ஆளை உட்காரவைத்துக் குறித்து, இருபது தூரங்களைக் கணக்கிட்டு, கணினியை விட்டு ஒப்பிட்டார். பெர்த்தியோனின் அளவுகோல்தான், இப்போது ஆளைத் தொடாமல் போட்டோவின் மேல். பணம் கொடுத்தது உளவுத்துறை, அதனால் பெரும்பகுதி வெளியே வரவில்லை. 1991இல் மாத்யூ டர்க்கும் அலெக்ஸ் பென்ட்லாண்டும் ஆள் குறிக்காமலே கணினி முகத்தை அடையாளம் காணும் வழியைச் சொன்னார்கள். 2001 ஜனவரியில் அமெரிக்காவின் டாம்பா நகரில் சூப்பர் பௌல் கால்பந்துப் போட்டிக்கு வந்த பார்வையாளர்களின் முகங்களை, அவர்களுக்குச் சொல்லாமலே, கேமரா எடுத்துக் குற்றவாளிப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள்.

விரலுக்கும் முகத்துக்கும் உண்மையான வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். விரலை எடுக்க உன் கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் உனக்குத் தெரியும். தெரிந்தால் மறுக்கலாம், பெருங்காமநல்லூர் மறுத்த மாதிரி. முகத்தை எடுக்க யாரும் ஊருக்குள் வர வேண்டியதில்லை. முகத்தை எடுக்கக்கூடாது என்று ஒரு கூட்டம் திரண்டால், திரண்ட கூட்டத்தின் முகங்களையே எடுத்துவிடலாம்.

*

இப்போது போனுக்கு வருவோம்.

2011இல் கூகுள் ஆண்ட்ராய்டில் முகம் பார்த்துத் திறக்கும் வசதியைக் கொண்டுவந்தது, போட்டோவைக் காட்டினாலே திறந்தது. 2012இல் ஆப்பிள் நிறுவனம் விரல் உணரி செய்யும் ஆதன்டெக் கம்பெனியை வாங்கியது. 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் வந்தது. விரலை ஒரு வட்டப் பொத்தானில் வைத்தால் போதும். ரேகையின் மேடு கண்ணாடியை ஒட்டி இருக்கும், பள்ளம் தள்ளி இருக்கும். இரண்டு இடத்திலும் மின்னேற்றம் வேறுபடும், அந்த வேறுபாட்டிலிருந்து படம் கிடைக்கும். ஈர விரல் ஏன் எடுபடவில்லை, அத்தையின் விரல் ஏன் எடுபடவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. மேடு தேய்ந்துவிட்டால் பள்ளமும் இல்லை.

விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்காரர்கள் கண்ணாடியில் பதிந்த விரலைப் படம் எடுத்து, ரப்பர் பாலில் வார்த்து, அந்தப் போலி விரலால் போனைத் திறந்து காட்டினார்கள். அடுத்த வருஷம் அதே குழுவைச் சேர்ந்தவர், ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் மேடையில் நின்றபோது எடுத்த போட்டோக்களிலிருந்தே அவருடைய கட்டைவிரல் ரேகையை உருவாக்கிக் காட்டினார். அதாவது தூரத்திலிருந்து எடுக்க முடியாது என்று நான் மேலே சொன்ன விரலும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது.

2017இன் ஐபோன் எக்ஸ் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் முகத்தில் 30,000 புள்ளிகளை வீசி, அவை விழும் விதத்திலிருந்து மூக்கின் உயரம், கண்குழியின் ஆழம் என்று ஒரு வரைபடம் போடும். அதனால் இருட்டிலும் வேலை செய்யும், போட்டோவுக்கு ஏமாறாது. இதற்கு அடிப்படையான நுட்பம் பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய கம்பெனியுடையது. வீடியோகேம் விளையாடுகிறவரின் அசைவைப் பார்க்கும் கினெக்ட் கருவிக்கு அதைச் செய்தவர்கள் அவர்கள்தான். நம்முடைய பட்ஜெட் போன்களில் இதெல்லாம் கிடையாது. சாதாரண செல்ஃபி கேமராதான். 2019இல் நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 110 போன்களைப் போட்டோ காட்டிச் சோதித்தது, 42 திறந்துகொண்டன. அதே வருஷம் வந்த கூகுள் பிக்சல் 4, கண்ணை மூடியிருந்தாலும் திறந்தது. பிற்பாடு சரிசெய்தார்கள். 2020இல் எல்லாரும் மாஸ்க் போட்டதும் முகம் சட்டென்று செல்லாக்காசானது, விரலுக்குக் கொஞ்ச நாள் மவுசு திரும்பியது.

போலீஸ் ஏட்டுக்கும் போனுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? ஏடு கேட்கும் கேள்வி ‘நீ யார்?’ லட்சம் பேரில் உன்னைத் தேடும். போன் கேட்கும் கேள்வி ‘நீ அவர்தானா?’ ஒரே ஒரு ஆளோடு ஒப்பிடும். ஐபோனில் உங்கள் விரலோ முகமோ படமாக இருப்பதில்லை, எண்களாக மாற்றப்பட்டுத் தனியாகப் பூட்டிய ஒரு பகுதியில் இருக்கிறது, வெளியே போவதில்லை. நல்ல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். கல்கத்தா அலமாரியைப் பிரித்து, ஆளுக்கு ஓர் அறையை அவரவர் சட்டைப்பையில் கொடுத்துவிட்ட மாதிரி. இதைப் பெரிய விஷயமாகத்தான் நான் பார்க்கிறேன். போனில் விரல் வைப்பதே அடிமைத்தனம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் நம் சட்டைப்பையில் இருக்கும் அறைக்குச் சாவி நம் உடம்பு. உடம்பு நம்மோடுதான் இருக்கிறது, நாம் எப்போதும் அதைக் காவல் காப்பதில்லை. தோஹாவிலிருந்து கிளம்பிய விமானத்தில் அவர் காவல் காக்கவில்லை.

சட்டத்தின் பார்வையிலும் உடம்பு வேறு, மனசு வேறு. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று நம் அரசியலமைப்பின் 20(3) பிரிவு சொல்கிறது. விரல் ரேகை கொடுப்பது அப்படிச் சாட்சி சொல்வதாகுமா? 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்ன பதில்: ஆகாது. சாட்சி என்றால் தனக்குத் தெரிந்ததைச் சொல்வது. ரேகை யாருக்கும் ‘தெரிந்த’ விஷயமல்ல, அது உடம்பில் சும்மா இருக்கிறது. கையைப் பிடித்து வைக்கலாம். 2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு நீதிமன்றம் இதே கோட்டைப் போனுக்குள் போட்டது: விரலை வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம், கடவு எண்ணைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இங்கே நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், விரல் ரேகையோடு கருவிழியையும் எடுக்கப் போலீஸுக்கு அனுமதி தருகிறது. அது மாற்றியமைத்த பழைய சட்டம் 1920இல் வந்தது. பெருங்காமநல்லூரின் அதே வருஷம்.

அதனால்தானோ என்னவோ, போனை அணைத்துப் போட்டால் விரலையும் முகத்தையும் அது நம்புவதில்லை. எண்ணைத்தான் கேட்கும். செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

*

அன்றைக்கு அத்தையின் விரல் எடுபடாததால் முகத்தைப் பதிந்து கொடுத்தேன். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அத்தைக்குச் சந்தோஷம். “மொகம் தேயலல்லா” என்றார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் போனில் இருந்த அவருடைய பழைய போட்டோ ஒன்றை, மதினி கல்யாணத்தில் எடுத்தது, பெரிதாக்கி அந்தப் போனுக்கு முன்னால் காட்டினேன். திறந்துகொண்டது.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பம் என் போட்டோ வச்சிருக்கவன்லாம் தொறக்கலாமா?” என்றார். ஆமாம் என்றேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ஒரு தடவை பார்த்தார். மகளிர் உரிமைத்தொகை வந்த குறுஞ்செய்தி, நகை அடகு வைத்த ரசீதின் போட்டோ, ராத்திரி இரண்டு மணிக்கு வெளிநாட்டிலிருந்து பேசும் மகனுடைய குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கப் போகின்றன.

“வேற என்ன வழி?”

“நம்பர் போடலாம் அத்தே. நாலு நம்பர். ஆனா ஞாபகம் வச்சிருக்கணும்.”

“ஆயிரம் பீடிய எண்ணிக் கட்டுதவளுக்கு நாலு நம்பர் ஞாபகம் இருக்காதா?” என்று போனை வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ராத்திரிப் பள்ளியில் பெயர் எழுதக் கற்றபோது ஸ்லேட்டை இப்படித்தான் மறைத்துக்கொண்டு எழுதுவாராம், தப்பாக இருந்தால் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று. மறுபடி ஒரு தடவை கேட்டது, மறுபடி அழுத்தினார்.

“என்ன நம்பர் போட்டிய அத்தே? மறந்தா நான் சொல்லுதேன்லா.”

“ஒனக்கு எதுக்குடே அது?” என்றார்.